சங்கப்பலகையும் வேல்ஸ் நாட்டு நாற்காலியும்

1917ஆம் ஆண்டு செப்டெம்பர் 6ஆம் திகதி. லிவர்ப்பூலுக்கு எதிர்க்கரையிலுள்ள பேர்க்கன்ஹெட் நகரில் வேல்ஸ் மக்களின் தேசியக் கலைவிழா. வேல்ஸ்காரரான பிரதமர் லொயிட் ஜோர்ஜும் அவையில் இருக்கிறார். மரபு யாப்பில் நெடுங்கவிதை பாடி வென்றவரின் புனைபெயரை அறிவிக்கிறார்கள். எக்காளம் முழங்குகிறது. வென்றவர் கூட்டத்திலிருந்து எழுந்து நிற்கவேண்டும். அதுவரை அவர் யாரென்று ஊருக்குத் தெரியாது என்பதே அந்த விழாவின் சுவை. அன்று எவரும் எழவில்லை. மீண்டும் முழங்கினார்கள். அப்போதும் எவரும் எழவில்லை.

வென்றவர் எலிஸ் எவன்ஸ், மலைப்பண்ணையொன்றில் ஆடு மேய்த்த இளைஞர். ஹெத் வின் என்பது அவருடைய கவிப்பெயர். ஐந்து வாரங்களுக்கு முன், ஜூலை 31ஆம் திகதி, பெல்ஜியப் போர்முனையில் இறந்துவிட்டிருந்தார். அவருக்கென்று செய்துவைத்த நாற்காலியின்மேல் கறுப்புத் துணி போர்த்தினார்கள். அந்த ஆண்டு விழாவை வேல்ஸ் மக்கள் இன்றும் ‘கறுப்பு நாற்காலி விழா’ என்றே சொல்கிறார்கள். நாற்காலியைச் செதுக்கியவர் பெல்ஜியத்திலிருந்து போருக்குத் தப்பி இங்கிலாந்து வந்திருந்த ஒரு தச்சர், இயூஜீன் வான்ஃபிளெட்டரன். அவர் விட்டு ஓடிவந்த மண்ணில்தான் இந்தக் கவிஞர் விழுந்தார்.

வெள்ளவத்தையில் வெளிவரும் ஒரு தமிழ் விழா மலரில் வேல்ஸ் கதை எதற்கு என்று வாசகர் கேட்கலாம். நாமும் ஆண்டுதோறும் விழா எடுக்கிறோம். நமது விழாவைப் பற்றி நமக்குள் பேசத் தயங்கும் ஒன்றை, அடுத்த வீட்டுக்காரரின் விழாவைச் சொல்லிப் பேசிவிடலாம் என்பதுதான் காரணம்.

அந்த விழாவின் பெயர் ஐஸ்டெத்வொட். ‘அமர்தல்’ என்னும் சொல்லடியாகப் பிறந்தது; ‘அமர்வு’ என்று தமிழாக்கலாம். 1176இல் ரீஸ் என்னும் சிற்றரசர் கார்டிகன் கோட்டையில் பாட்டுக்கும் இசைக்கும் போட்டி வைத்து, வென்ற இருவருக்கும் நாற்காலி கொடுத்தார். நமக்குச் சங்கப்பலகை எப்படியோ அப்படி அவர்களுக்கு அந்த நாற்காலி. தகுதியுள்ள புலவருக்கு மட்டும் இடங்கொடுத்து நீளும் பலகை என்பது நம் புராணம். அவர்கள் அந்தக் கற்பனையை மரத்தில் செய்து, ஆண்டுக்கு ஒன்றாகப் புதிதாகச் செதுக்கி, இன்றுவரை கொடுத்துவருகிறார்கள்.

இடையிலே பல நூற்றாண்டுகள் அந்த அமர்வு தேய்ந்து கிடந்தது. அதைத் தூக்கி நிறுத்தியதில் பெரும்பங்கு ஊரைவிட்டு வெளியே போனவர்களுக்கு. 1770இல் லண்டனில் குடியிருந்த வேல்ஸ்காரர்கள் ஒரு சங்கம் அமைத்தார்கள். அந்தச் சங்கத்தின் பணமும் பதக்கமுமே 1789 முதல் தாய்நாட்டில் அமர்வுகளை மீண்டும் நடக்கவைத்தன. இன்று அவ்விழாவில் வெள்ளை, நீலம், பச்சை அங்கிகளோடு வலம்வரும் கவிஞர் குழுவைப் பார்ப்பவர்கள், ஈராயிரம் ஆண்டுப் பழமை என்று நினைப்பார்கள். உண்மையில் அந்தச் சடங்கு முதலில் நடந்தது 1792இல், லண்டனின் பிரிம்ரோஸ் குன்றில். நடத்தியவர் இயோலோ மோர்கனுக் என்னும் கல்தச்சர். பெரும் புலவர், பெரும் போலிச்சுவடிக்காரரும்கூட. தாமே எழுதிப் பழஞ்சுவடியென்று நீட்டியவற்றைப் பின்வந்த அறிஞர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். சடங்கை மட்டும் மக்கள் கைவிடவில்லை.

இதைப் படித்தபோது எனக்கு நம் ஆடிவேல் நினைவுக்கு வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில், வாந்திபேதி பரவிய காலத்தில், கதிர்காம யாத்திரையை அரசு கட்டுப்படுத்தியதால் கொழும்பிலேயே வேல்விழா எடுக்கத் தொடங்கினார்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. செட்டிநாட்டிலிருந்து வணிகம் செய்யவந்த நகரத்தார், செட்டியார் தெருக் கதிரேசன் கோயிலிலிருந்து காலி வீதி வழியே பம்பலப்பிட்டிவரை வெள்ளித்தேர் இழுத்தார்கள். வெள்ளவத்தைக்கு வந்த வேலும் உண்டு. வீதியோரக் கரும்புக் கடைகளில் சிங்களவரும் முஸ்லிம்களும் நிறைந்து நின்றார்கள். 1983க்குப் பின் சில ஆண்டுகள் தேர் வீதிக்கு வராமல் இருந்ததும், பிறகு வந்ததும் எங்கள் தலைமுறை கண்டது. ஊரில் இல்லாத ஒரு விழாவடிவம், ஊரைவிட்டு வந்த இடத்தில் பிறந்திருக்கிறது. கொழும்பு நமக்குச் சொந்த ஊரா வந்த ஊரா என்ற வழக்கை இங்கே எடுக்கப்போவதில்லை. கொட்டாஞ்சேனையில் நான்கு தலைமுறையாக இருப்பவரும், தொண்ணூறுகளில் வெள்ளவத்தை ஒழுங்கையொன்றில் வாடகைக்கு வந்தவரும் அதற்கு வெவ்வேறு பதில் சொல்வார்கள்.

இலக்கிய விழாக்களின் கதையும் இப்படித்தான். விவேகானந்தர் 1897 சனவரியில் கொழும்பில் இறங்கியதன் நினைவாக 1902இல் தோன்றிய விவேகானந்த சபை கொட்டாஞ்சேனையில் நிற்கிறது. கொழும்புத் தமிழ்ச் சங்கம் 1942இல் பிறந்து வெள்ளவத்தையில் நூலகமும் மண்டபமுமாக வளர்ந்தது. காரைக்குடியில் 1939இல் சா. கணேசன் தொடக்கிய கம்பன் விழா மரபு, 1980இல் யாழ்ப்பாணத்தில் ஒரு கழகமாக முளைத்து, போர்க்காலத்தில் கொழும்புக்குப் பெயர்ந்து, இராமகிருஷ்ண மிஷன் மண்டபத்தில் நிலைகொண்டது. பட்டிமண்டபத்துக்கு இடம்பிடிக்க மாலை நான்கு மணிக்கே வந்து கைக்குட்டை போட்டுவிட்டுப் போகும் சுவைஞர்களை இந்த விழாக்கள் உண்டாக்கியிருக்கின்றன. அது சிறிய காரியமில்லை.

ஆனால் வேல்ஸ்காரர் செய்த ஒன்றை நாம் இன்னும் செய்யவில்லை. அதற்குமுன் அவர்கள் யாப்பைப் பற்றிக் கொஞ்சம்.

நாற்காலிக்குரிய கவிதை ‘கங்ஹனெத்’ என்னும் கட்டுக்குள் அமையவேண்டும். ‘இயைபு’ என்று அதற்குப் பொருள் சொல்லலாம். அதில் நான்கு வகை. ஒரு வகையில், வரியின் முற்பாதியில் வந்த மெய்யெழுத்துகள் பிற்பாதியிலும் அதே வரிசையில் திரும்ப வரவேண்டும், உயிர்கள் மாறலாம். மோனையும் எதுகையும் நம் செவிக்கு எப்படியோ, இது அவர்கள் செவிக்கு அப்படி. மோனை ஒரு கதவைத் தட்டுகிறதென்றால், இது வீட்டிலுள்ள எல்லாக் கதவையும் வரிசையாகத் தட்டுகிறது. நம் வெண்பாவுக்கு இணையாக ‘எங்லின்’ என்று ஒரு சிறுபா உண்டு. நான்கு அடி, மொத்தம் முப்பதே அசை: பத்து, ஆறு, ஏழு, ஏழு. முதலடியில் அடிக்குரிய இயைபு முடிந்தபின்னும் ஒரு சொல் மிஞ்சித் தொங்கும். அது அடுத்த அடியோடு ஒலியால் கைகோத்துக்கொள்ளும். நேரிசை வெண்பாவில் இரண்டாமடியின் கடைசியில் வந்து நிற்கும் தனிச்சொல்லை அறிந்தவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. ஒன்றுக்கொன்று தொடர்பேயில்லாத இரண்டு மொழிகள், சின்னஞ்சிறு பாவுக்குள் ஒரு சொல்லைத் தொங்கவிட்டு அழகு பார்த்திருக்கின்றன. இந்த இடத்தில் சுவாமி விபுலாநந்தர் இருந்திருந்தால் ஒரு நூலே எழுதியிருப்பார். வேல்ஸ் நாட்டில் கவிதையை யாழோடு சேர்த்துப் பாடும் முறை இன்றும் இருக்கிறது. மறைந்த நம் யாழைத் தேடி ‘யாழ் நூல்’ செய்த அடிகளுக்கு அதைக் கேட்கும் வாய்ப்புக் கிடைத்ததா என்று நினைத்துக்கொள்வேன்.

இனி, அவர்கள் செய்த காரியம். விழாவை ஓர் ஆண்டும் ஒரு நாளும் முன்னதாகப் பறைசாற்றுகிறார்கள். போட்டிக் கவிதை புனைபெயரில் வருகிறது. மூன்று நடுவர்கள். வென்ற கவிதைக்கு மட்டுமன்றி, தோற்றவற்றுக்கும் குறைநிறை எழுதி அச்சிடுகிறார்கள். எதுவும் தகுதியானதாக இல்லையென்றால் நாற்காலி அந்த ஆண்டு எவருக்கும் இல்லை; மேடையில் வெறுமையாக நிற்கும். அப்படி நின்ற ஆண்டுகள் உண்டு. நிறைந்த அவையின்முன் ‘தகுதியானவர் எவருமில்லை’ என்று சொல்ல ஒரு துணிவு வேண்டும். இறைவன் பாட்டென்று தெரிந்தபின்னும் குற்றம் குற்றமே என்று நின்ற நக்கீரரை நாம் மேடைதோறும் புகழ்கிறோம். நடுவராக இருக்கும்போது மறந்துவிடுகிறோம்.

நானும் மறந்தவன்தான். சில ஆண்டுகளுக்கு முன் இந்த நகரிலே ஒரு வெண்பாப் போட்டிக்கு நடுவராக அழைத்தார்கள். பதினொன்று வந்திருந்தன. ஒன்றுகூடத் தளை தட்டாமல் இல்லை. இருந்தவற்றுள் நல்லது ஒன்று, ‘வாழ்க தமிழே’ என்று முடிந்திருந்தது. வெண்பாவின் ஈற்றுச்சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்னும் நான்கு வாய்பாட்டில் ஒன்றாகவே இருக்கவேண்டும். ‘தமிழ்’ என்று நிறுத்தியிருந்தால் மலர். ஓர் ஏகாரத்தை ஆசையோடு சேர்த்ததால் பாட்டு வெண்பா என்ற பெயரை இழந்தது. பரிசுக்குரியதாக எதுவும் இல்லை, குறிப்பெழுதித் திருப்பி அனுப்புவோம் என்றேன். அமைப்பாளர் பணிவாகச் சிரித்தார். ‘ஐயா, சான்றிதழ் மூன்றும் அச்சடிச்சாச்சு. பிரதம விருந்தினரும் வந்திட்டார்’ என்றார். மூன்று பேருக்கும் கொடுத்தோம். புகைப்படத்தில் நானும் நிற்கிறேன், பொன்னாடையோடு. அந்த ஏகாரத்தைப் பற்றி அந்தப் பிள்ளையிடம் யாரும் சொல்லவில்லை.

மொழி விடயத்திலும் அவர்களிடம் ஒரு கண்டிப்பு இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்த விழா மேடைகளிலே ஆங்கிலம் ஏறி உட்கார்ந்திருந்தது. 1950இல் கெயர்ஃபிலி நகரில் நடந்த விழாவிலிருந்து மேடை முழுவதும் வேல்ஸ் மொழி மட்டுமே என்று ஆக்கினார்கள். மொழி தெரியாதவரை வெளியே நிறுத்தவில்லை. காதில் மாட்டும் கருவிவழி உடனுக்குடன் மொழிபெயர்த்துக் கொடுக்கிறார்கள். 2021 கணக்கெடுப்பின்படி வேல்ஸ் மொழி பேசத் தெரிந்தவர் 538,000 பேர், அந்நாட்டில் மூன்று வயதும் அதற்கு மேலுமான மக்களில் 17.8 சதவீதம். இவ்வளவு சிறிய கூட்டம் இவ்வளவு கண்டிப்பாக இருக்கிறது. 1865இல் ‘மிமோசா’ என்னும் கப்பலில் ஏறி ஆர்ஜென்டீனாவின் பட்டகோனியாவுக்குப் போன சுமார் நூற்றைம்பது பேரின் வழிவந்தவர்கள்கூட, ஸ்பானிய மொழி நடுவே இன்றும் தங்கள் அமர்வை நடத்தி நாற்காலி கொடுக்கிறார்கள்.

நம்மிடம் அதற்கு வேண்டியது எதுவும் இல்லாமலில்லை. பௌர்ணமிதோறும் கவியரங்கு வைக்கும் வலம்புரி கவிதா வட்டம் போன்ற அமைப்புகள் இதே கொழும்பில் இருக்கின்றன. காரிகை கற்பிக்கக்கூடிய ஆசிரியர்கள் இன்னும் இருக்கிறார்கள். காலம் அதிகமில்லை, அதையும் சொல்லிவைக்கிறேன். ஆகவே இம்மலரை வெளியிடும் அன்பர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த ஆண்டு விழாவுக்கான வெண்பாத் தலைப்பை இந்த ஆண்டு விழாவின் நன்றியுரையிலேயே அறிவியுங்கள். பாடல்கள் புனைபெயரில் வரட்டும். மூன்று நடுவரின் குறிப்புகளையும், தோற்ற பாட்டுக்கான குறிப்பு உட்பட, அடுத்த மலரில் பொன்னாடைப் படங்களுக்கு ஒதுக்கும் பக்கங்களில் போடுங்கள். தகுதியானது வராவிட்டால் இருக்கையை மேடையில் வெறுமையாக வைத்து, அதை அவையினர் பார்க்கும்படி விடுங்கள். சான்றிதழைக் கடைசியில் அச்சடிக்கலாம்.

இருக்கை செய்ய ஆள் தேடவும் வேண்டியதில்லை. மொறட்டுவைத் தச்சர்கள் நாடறிந்தவர்கள். வெள்ளவத்தையில் 101ஆம் இலக்க பஸ் ஏறினால் அவர்கள் வாசலில் இறங்கலாம்.