நியூ ஆல்பியன்: ஒரு சிறிய கொப்பரையின் கணக்கு

சிறிய பியர் ஆலை ஒன்றைத் தொடங்க எண்ணுபவர்கள் வென்றவர்களின் கதைகளையே தேடிப் படிக்கிறார்கள். அவர்கள் முதலில் அறிய வேண்டியது ஜாக் மெக்காலிஃப் தோற்ற கதையை என்று எனக்குத் தோன்றுகிறது.

அமெரிக்கக் கடற்படையில் சேர்ந்து, 1960களில் ஸ்காட்லாந்தில் நீர்மூழ்கிக் கப்பல்களைப் பழுதுபார்த்தவர் அவர். அங்கே அவர் பழகிய அடர்சுவை பியர் தாயகத்தில் கிடைக்கவில்லை. அன்றைய அமெரிக்காவில் சில பெருநிறுவனங்களின் வெளிறிய பியரே எங்கும் நிறைந்திருந்தது. 1970களின் இறுதியில் நாடு முழுவதிலும் எஞ்சியிருந்த ஆலைகள் 100க்கும் குறைவு. 1976இல், கலிபோர்னியாவின் சொனோமாவில், சூசி ஸ்டெர்ன், ஜேன் சிம்மர்மன் இருவரையும் கூட்டாளிகளாகக் கொண்டு நியூ ஆல்பியன் ஆலையை நிறுவினார். 1579இல் பிரான்சிஸ் டிரேக் அந்தக் கடற்கரைக்குச் சூட்டிய பெயர் அது.

சிறிய ஆலைக்கேற்ற கருவிகளை அப்போது எவரும் விற்கவில்லை. பால்பண்ணைகள் கழித்துவிட்ட பாத்திரங்களையும், கொக்கோ கோலா பாகு வந்த பீப்பாய்களையும் மெக்காலிஃப் தாமே வெட்டிப் பற்றவைத்தார். பியர் நன்றாக இருந்தது. பெரிய நாளிதழ்கள் எழுதின. கேட்டவர்களுக்கெல்லாம் கொடுக்கச் சரக்கு போதவில்லை. ஆயினும் 1982இல் ஆலை மூடப்பட்டது.

காரணம் கொப்பரையின் அளவு. ஒருமுறை காய்ச்சினால் கிடைத்தது 45 காலன், ஏறத்தாழ 170 லிட்டர். முளைகட்டிய பார்லியை அரைத்து, வெந்நீரில் ஊறவைத்து, வடித்து, ஹாப்ஸ் இட்டுக் கொதிக்கவைத்து, ஆறவைத்து, பாத்திரங்களைக் கழுவி முடிக்க ஒரு நாள் போய்விடும். அதைப்போல ஏழு மடங்கு காய்ச்சினாலும் அதே ஒரு நாள்தான். உழைப்பு குறையவில்லை, விளைச்சல் மட்டுமே குறைந்தது. விரிவாக்கத்துக்குக் கடன் கேட்டபோது கொடுப்பாரில்லை.

அந்த ஆலையை வந்து பார்த்தவர்களுள் ஒருவர் கென் கிராஸ்மன். 1980இல் சிக்கோ நகரில் சியரா நெவாடா ஆலை காய்ச்சத் தொடங்கியபோது அதன் கொள்ளளவு 10 பேரல், அதாவது ஏறத்தாழ 1,170 லிட்டர். அதுவும் பழைய பால்பண்ணைக் கருவிகளால் ஆனதே. அந்த ஆலை நிலைத்தது.

இன்னொரு காரணம் சட்டம். 1933இல் மதுவிலக்கு நீங்கிய பின், ஆலை, விநியோகஸ்தர், கடை என்று மூன்று படிகள் வகுக்கப்பட்டன. காய்ச்சிய இடத்திலேயே மதுவகம் நடத்தக் கலிபோர்னியா அனுமதித்தது 1982இல், நியூ ஆல்பியன் மூடப்பட்ட அதே ஆண்டில். இடைத்தரகருக்குப் போகும் பங்கு தன்னிடமே தங்கினால் சிறிய ஆலையும் பிழைக்கக்கூடும். 1983இல் ஹாப்லாந்து என்னும் சிற்றூரில் மெண்டோசினோ ஆலை அத்தகைய மதுவகத்தைத் திறந்தது. அங்கே ஓடியவை நியூ ஆல்பியனின் கருவிகள். நொதிக்கவைத்தது அதன் ஈஸ்ட். காய்ச்சியவர்களும் அங்கிருந்து வந்தவர்களே.

2012இல் பாஸ்டன் பியர் நிறுவனம் மெக்காலிஃபை அழைத்து அதே பியரை மீண்டும் காய்ச்சியது. லாபத்தை அவருக்கே அளித்தது. செய்முறையில் குறையிருக்கவில்லை. சுவையைப் பற்றி யோசிக்கும் முன், கொப்பரை எத்தனை லிட்டர், விற்பது யார் மூலம் என்ற இரண்டையும் தாளில் எழுதிப் பார்க்க வேண்டியிருக்கிறது.