மனைக்கட்டு யார் பேரில்?

மலருக்கு எழுதச் சொன்னார்கள். வீட்டைப் பற்றி எழுதுகிறேன். நம்ம நாகப்பட்டினம் பக்கத்தில் வீட்டுக் கதை செங்கல்லில் ஆரம்பிக்காது, மனைக்கட்டில்தான் ஆரம்பிக்கும்.

என் மாமியார் சொல்வார், அவர் சின்னப் பெண்ணாக இருந்தபோது குடிசை இருந்த இடம் பண்ணையுடையது. ஒருநாள் வேலைக்குப் போகாவிட்டால் "மனையைக் காலி பண்ணு" என்று ஆள் வந்துவிடும். கூலியைக் கூட்டிக் கேட்க வாய் வராது. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது? 1971ல் குடியிருப்புச் சட்டம் வந்தது. பிறர் நிலத்தில் குடியிருந்த விவசாயக் கூலிகளுக்கும் கைவினைஞர்களுக்கும் அந்த அடிமனை சொந்தம் என்றது. எங்கள் குடும்பத்துக்கும் அப்படித்தான் பட்டா கிடைத்தது, என் வீட்டுக்காரரின் தாத்தா பேரில். அதைத் தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டியதோடு சரி, யாரும் பேர் மாற்றவில்லை.

1985ல் இந்திரா குடியிருப்புத் திட்டம் வந்தது. எங்கள் தெருவில் சிலருக்கு வீடு கிடைத்தது, எங்களுக்கு இல்லை. 2018 நவம்பரில் கஜா புயல். கூரை மொத்தமும் பறந்து தென்னை மேல் கிடந்தது. அப்புறம்தான் பிரதமர் வீடு திட்டத்துக்கு எழுதிக் கொடுத்தோம். "பட்டா உங்க பேரில் இல்லையே" என்று திருப்பிவிட்டார்கள். தாத்தாவுக்கு நாலு வாரிசு. ஒருத்தர் திருப்பூரில். வாரிசுச் சான்று, கையெழுத்து என்று எட்டு மாசம் அலைந்தேன். தனியாகப் போனால் "நாளைக்கு வா" என்பார்கள். குழுவில் ஐந்து பேர் சேர்ந்து போன அன்றுதான் மனுவை வாங்கினார்கள்.

அப்போது வீட்டுக்கு 1,20,000 ரூபாய், கான்கிரீட் கூரைக்கு மாநில அரசு 50,000 என்று இருந்தது. ஆனால் அஸ்திவாரம் போட்டுக் காட்டினால்தான் முதல் பணம், லிண்டல் வந்தால் அடுத்தது. கையில் காசில்லாதவர் எதை வைத்து அஸ்திவாரம் போடுவது? கந்துவட்டிக்கு வாங்கியவர்கள் வீடு கட்டியும் கடனில் இருக்கிறார்கள். எனக்குக் குழு 40,000 கொடுத்தது. மணல் விலைதான் எங்களைக் கொன்றது, பூச்சு வேலை இன்னும் பாக்கி.

2024ல் வந்த கலைஞரின் கனவு இல்லத்தில் மூன்றரை லட்சம் தருகிறார்கள். நல்ல தொகைதான். ஆனால் வாய்க்கால் புறம்போக்கில் இருக்கும் எங்கள் குழுப் பெண்கள் ஆறு பேருக்குப் பட்டாவே கிடையாது. அவர்களுக்கு மாற்று மனை கேட்டுக் கூட்டமைப்பு மூலம் போன மாதம் மனு கொடுத்திருக்கிறோம். ரசீது என்னிடம்தான் இருக்கிறது.