நான்கு நிறங்களில் நஞ்சு

தமிழகச் சிற்றூர்களில் ஒரு தலைமுறைக்கு முன்புவரை 'பாலிடாயில்' என்ற சொல், வயலில் தெளிக்கும் கொடிய நஞ்சுக்கெல்லாம் பொதுப்பெயர்போல் வழங்கிவந்தது. அச்சொல் ஒரு வணிகப் பெயரின் மரூஉ. ஜெர்மனியின் பாயர் நிறுவனம் 'ஃபோலிடால்' என்று பெயரிட்டு விற்ற பாரத்தியான் என்னும் வேதிப்பொருளே நம் ஊர்களில் பாலிடாயில் ஆயிற்று. இதே காலத்தில் இன்னொரு சொல்லும் வேரூன்றியது. பூச்சியைக் கொல்லும் நஞ்சை நாம் 'பூச்சி மருந்து' என்றோம். அதைத் தெளிப்பதை 'மருந்தடித்தல்' என்றோம். நஞ்சுக்கும் மருந்துக்கும் இடையிலான கோட்டைப் பேச்சுமொழி அழித்துவிட்ட பிறகு, அரசும் அறிவியலும் எண்களையும் நிறங்களையும் கொண்டு அக்கோட்டை மீண்டும் வரைய முயன்றன. அம்முயற்சியின் வரலாற்றையும், அது எங்கே வென்றது, எங்கே தோற்றது என்பதையும் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பாரத்தியானைக் கண்டறிந்தவர் ஜெர்மானிய வேதியியலாளர் கெர்ஹார்டு ஷ்ராடர். இ.கே. ஃபார்பன் எனும் பெருநிறுவனத்தில் பூச்சிக்கொல்லி ஆய்வில் ஈடுபட்டிருந்த அவர், 1936-இல் தபூன், 1938-இல் சாரின் ஆகிய சேர்மங்களை எதிர்கொண்டார். அவை பூச்சிகளைக் கொன்றன; மனிதர்களையும் கொல்லக்கூடியவையாக இருந்தன. எனவே படைத்துறை அவற்றை எடுத்துக்கொண்டது. அதே கரிமப் பாஸ்பரஸ் குடும்பத்தில் 1944-இல் அவர் உருவாக்கிய பாரத்தியான், போருக்குப் பின் உலகெங்கும் வயல்களுக்கு வந்து சேர்ந்தது. நரம்பும் தசையும் பேசிக்கொள்ளும் இடத்தில் அசிட்டைல்கோலின் என்னும் பொருள் சுரந்து, வேலை முடிந்ததும் ஒரு நொதியால் சிதைக்கப்படுகிறது. இவ்வகை நஞ்சுகள் அந்த நொதியை முடக்குகின்றன. கட்டளை நிற்பதில்லை, உடல் தன் கட்டுப்பாட்டை இழந்து, இறுதியில் மூச்சு தடைபடுகிறது. இந்த நொதி புழுவுக்கும் உண்டு, உழவனுக்கும் உண்டு. சிக்கலின் வேர் இங்கேதான் இருக்கிறது.

ஒரு பொருள் எவ்வளவு நச்சுத்தன்மை உடையது என்பதை அளப்பது எப்படி? இதற்கான அளவுகோல் பூச்சிக்கொல்லிகளுக்காகப் பிறந்ததன்று. இங்கிலாந்தில் வெல்கம் உடலியல் ஆய்வகத்தில் பணியாற்றிய ஜான் வில்லியம் டிரெவன், இன்சுலின், டிஜிட்டாலிஸ் போன்ற மருந்துகளின் வீரியத்தை ஒரே சீராக நிறுவ வழி தேடினார். ஒவ்வொரு விலங்கும் ஒவ்வோர் அளவில் மடிவதால், 'கொல்லும் குறைந்தபட்ச அளவு' என்ற பழைய கருத்து நிலையற்றது என்று அவர் கண்டார். சோதனை விலங்குகளில் பாதியைக் கொல்லும் அளவே புள்ளியியல் நோக்கில் நம்பத்தக்கது என்று 1927-இல் அவர் எழுதினார். அதுவே 'எல்.டி.50' எனப்படும் இடைநிலைக் கொல்லளவு. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் என்று அது குறிக்கப்படும். எண் சிறிதானால் நஞ்சு கொடிது. எலிக்கு வாய்வழி கொடுத்துக் கணித்தபோது பாரத்தியானின் எண் 13. மருந்தை அளக்கப் பிறந்த கோல் நஞ்சை அளக்கும் கோலாக மாறியது, பின்னாளில் 'பூச்சி மருந்து' என்ற நம் சொல்லுக்கு ஒரு விசித்திர நியாயம் சேர்ப்பதுபோல் இருக்கிறது.

அளவுகோல் இருந்தது; ஆனால் சுதந்திர இந்தியாவில் அதைக் கட்டாயமாக்கும் சட்டம் இல்லை. அதற்கான விலையை 1958-இல் கேரளம் கொடுத்தது. பம்பாயிலிருந்து கொச்சிக்கு வந்த கப்பலில் உணவுப் பொருள்களுடன் ஃபோலிடாலும் ஏற்றப்பட்டிருந்தது. நஞ்சு கசிந்து உணவில் கலந்தது. அந்த மாவில் செய்த உணவை உண்டவர்களில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அன்றைய சென்னை மாநிலத்திலும் பாதிப்பு ஏற்பட்டது. நடுவண் அரசு நீதிபதி ஜே.சி. ஷா தலைமையில் விசாரணை ஆணையம் அமைத்தது. இறந்தவர்கள் யாரும் வயலில் நின்றவர்கள் அல்லர். நஞ்சின் பெயரைக்கூடக் கேட்டிராதவர்கள். ஒரு வேதிப்பொருளின் ஆபத்து அதைப் பயன்படுத்துவோரின் எல்லையில் நின்றுவிடாது என்பதை இந்நாடு கற்ற முதற்பாடம் இது எனலாம்.

இதன் விளைவாகப் பிறந்ததே 1968-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டம். அதன் கீழ் 1971-இல் வந்த விதிகள்தாம் நாம் இன்றும் புட்டிகளில் காணும் சாய்சதுரத்தைக் கொண்டுவந்தன. சதுரத்தை 45 பாகை சாய்த்து, மேல் கீழாக இரு முக்கோணங்களாகப் பிரித்து, மேற்பகுதியில் எச்சரிக்கைச் சொல்லும், கீழ்ப்பகுதியில் நிறமும் இடப்பட்டன. வாய்வழி எல்.டி.50 ஒன்று முதல் 50 வரை இருந்தால் 'மிகமிகக் கடும் நஞ்சு'. நிறம் சிவப்பு, மண்டையோட்டுச் சின்னமும் 'விஷம்' என்ற சொல்லும் உண்டு. 51 முதல் 500 வரை 'கடும் நஞ்சு'; நிறம் மஞ்சள், 'விஷம்' என்ற சொல் மட்டும். 501 முதல் 5000 வரை நடுத்தர நஞ்சு. நிறம் நீலம், 'ஆபத்து' என்ற சொல். அதற்கு மேல் பச்சை, 'எச்சரிக்கை'. தோல்வழி நச்சுக்குத் தனி எல்லைகள் வகுக்கப்பட்டன.

எழுத்தறியாதவருக்கும் புரிய வேண்டும் என்பதே நிறங்களின் நோக்கம். நோக்கத்தைக் குறை சொல்வதற்கில்லை. ஆயினும் நிறங்கள் எல்லா ஊரிலும் ஒரே மொழியைப் பேசுவதில்லை. மஞ்சள் நம்மிடையே மங்கலத்தின் நிறம். புத்தாடையின் ஓரத்திலும் திருமண அழைப்பிதழின் மூலையிலும் தடவுவது. பச்சை, பயிர் செழித்த வயலின் நிறம். மண்டையோட்டை இழந்து மஞ்சளை ஏந்தி நிற்கும் ஒரு புட்டி, சட்டப் புத்தகத்தில் கடும் நஞ்சு. அதை வாங்கும் கண்ணுக்கும் அப்படியே தோன்றும் என்று உறுதி கூற முடியுமா?

உலக அளவில் இத்தகைய வகைப்பாடு 1975-இல் உலக சுகாதாரப் பேரவையின் ஒப்புதலுடன் வந்தது. உலக சுகாதார நிறுவனம் பூச்சிக்கொல்லிகளை முதல் வகுப்பின் 'அ', 'ஆ' பிரிவுகள், இரண்டாம் வகுப்பு, மூன்றாம் வகுப்பு என அடுக்கியது. 2003-இல் ஐக்கிய நாடுகள் அவை, வேதிப்பொருள்களுக்கான உலகப் பொது வகைப்பாட்டு முறையை வெளியிட்டபின், 2009-இல் இவ்வடுக்கின் எல்லைகளும் அதற்கிணங்கத் திருத்தப்பட்டன. இன்று எலிக்கான வாய்வழி எண் 5-க்குக் கீழ் இருந்தால் பொதுவாக முதல் வகுப்பு 'அ'. 5 முதல் 50 வரை 'ஆ'. 50 முதல் 2000 வரை இரண்டாம் வகுப்பு. ஆனால் எண் மட்டுமே முடிவு செய்வதில்லை. வல்லுநர் தீர்ப்புக்கும் அங்கே இடமுண்டு. பாரத்தியானின் 13-உம் மோனோகுரோட்டோபாஸின் 14-உம் அருகருகே இருந்தும், முன்னது 'அ' பிரிவிலும் பின்னது 'ஆ' பிரிவிலும் இடம்பெற்றன.

இங்கு ஒரு சொல்லாய்வு தேவைப்படுகிறது. இப்பட்டியல் அளப்பது பொருளின் இயல்பான கொடுமையை. ஒருவருக்குத் தீங்கு நேரும் வாய்ப்பை அன்று. பெட்டிக்குள் இருக்கும் நாகத்தின் நஞ்சும் புற்றுக்கு வெளியே வந்த நாகத்தின் நஞ்சும் ஒன்றே. நமக்கு நேரக்கூடிய இடர் ஒன்றன்று. பெட்டி வலிமையாக இருக்கும் என்ற நம்பிக்கையில்தான் கொடிய பொருள்கள் சந்தையில் அனுமதிக்கப்படுகின்றன. கையுறை, முகமூடி, பூட்டிய அலமாரி, படித்துப் புரிந்துகொள்ளும் உழவர் ஆகியவை சேர்ந்ததே அந்தப் பெட்டி. அது எத்தனை முறை உடைந்தது என்பதைச் சில நிகழ்வுகள் காட்டும்.

2013 ஜூலை 16 அன்று பீகாரின் சாரண் மாவட்டத்தில், கண்டாமன் ஊரின் பள்ளியில் மதிய உணவு உண்ட 23 குழந்தைகள் இறந்தனர். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் கலந்திருந்ததைத் தடயவியல் ஆய்வு காட்டியது. கேரளத்துக் கப்பலுக்கும் பீகார் பள்ளிக்கும் இடையே 55 ஆண்டுகள். இரண்டிலும் நஞ்சு தன் புட்டியைவிட்டு வெளியேறியிருந்தது; நஞ்சு உணவுக்குள் போனபோது சிவப்பு முக்கோணம் அதனுடன் போகவில்லை.

2017-இல் மகாராட்டிரத்தின் யவத்மாள் மாவட்டப் பருத்திக்காடுகளில் தெளிப்பு வேலை செய்த உழவர்களும் கூலித் தொழிலாளர்களுமாக 20-க்கும் மேற்பட்டோர் நச்சுப் பாதிப்பால் இறந்தனர். முழுக்கையுறையும் முகமூடியும் அணிந்து வெயிலில் தெளிப்பானைச் சுமப்பது எவ்வளவு நடைமுறை சார்ந்தது என்பது வயலில் நின்றவர்க்குத் தெரியும். இத்தனைக்கும், அணியக் கடினமான, விலைமிக்க பாதுகாப்புக் கருவிகள் தேவைப்படும் பூச்சிக்கொல்லிகளை வெப்பநாட்டுச் சிறு உழவர்களிடையே தவிர்க்க வேண்டும் என்று உலக உணவு வேளாண்மை நிறுவனத்தின் நடத்தை நெறியே அறிவுறுத்துகிறது.

மூன்றாவது நிகழ்வு அளவுகோலையே கேள்விக்கு உள்ளாக்குவது. வடகேரளத்தின் காசர்கோட்டில், மாநில அரசுக்குச் சொந்தமான தோட்டக் கழகத்தின் முந்திரிக் காடுகள்மீது 1970-களின் பிற்பகுதி முதல் 2000 வரை வானிலிருந்து எண்டோசல்பான் தெளிக்கப்பட்டது. எலிக்கான அதன் எண் 80; உலகப் பட்டியலில் அது இரண்டாம் வகுப்பு. அதாவது மிகக் கொடியவற்றின் வரிசையில் இல்லை. ஆனால் அச்சிற்றூர்களில் பிறவிக்குறைகளும் நரம்பு நோய்களும் மிகுந்திருப்பதாக மக்களும் மருத்துவர்களும் ஆண்டுக்கணக்கில் முறையிட்டனர். எல்.டி.50 சொல்வது விரைந்து நிகழும் சாவை மட்டுமே. கருவில் நுழைவதை, மண்ணிலும் நீரிலும் தங்குவதை, இருபது ஆண்டு கழித்துத் தெரிவதை அது சொல்லாது. 2011-இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை எண்டோசல்பானை விலக்கத்தக்க பொருள்களின் பட்டியலில் சேர்த்தது. அதே ஆண்டு மே மாதம் இந்திய உச்ச நீதிமன்றம் அதன் உற்பத்திக்கும் விற்பனைக்கும் தடை விதித்தது. 2017-இல் பாதிக்கப்பட்டோர் ஒவ்வொருவருக்கும் ஐந்து இலட்சம் ரூபாய் வழங்குமாறு கேரள அரசுக்கு ஆணையிட்டது.

அப்படியானால் வகைப்பாடு வீண்முயற்சியா? அன்று என்பதற்கு நம் அண்டை நாடே சான்று. 1980-களிலும் 90-களின் முற்பகுதியிலும் உலகிலேயே மிக அதிகமான தற்கொலை விகிதம் கொண்ட நாடுகளுள் இலங்கை ஒன்று. சாவுகளில் பெரும்பகுதிக்குக் காரணம் வீட்டிலேயே கைக்கெட்டும் தூரத்தில் இருந்த பூச்சிக்கொல்லி. ஒரு கணத்துக் கொதிப்பு, தணிவதற்குள் மீளாத முடிவாகிவிடும் அவலம் அது. 1980-இல் பூச்சிக்கொல்லிக் கட்டுப்பாட்டுச் சட்டம் இயற்றிய இலங்கை, 1984-இல் பாரத்தியானையும் மெத்தில் பாரத்தியானையும் தடைசெய்தது. 1995-இல் உலகப் பட்டியலின் முதல் வகுப்பில் எஞ்சியிருந்தவை மோனோகுரோட்டோபாஸ் உட்பட விலக்கப்பட்டன. 1998-இல் எண்டோசல்பான் சென்றது.

அதன்பின் அந்நாட்டு மருத்துவமனைகளில் நடந்த ஆய்வுகள் ஓர் உண்மையை வெளிப்படுத்தின. எலியின் எண்ணைக் கொண்டு ஒரே வகுப்பில் வைக்கப்பட்ட பொருள்கள், மனிதரிடத்தில் மிகவும் மாறுபட்ட இறப்பு விகிதங்களைக் காட்டின. எனவே 2008 முதல் 2011 வரை பாராகுவாட் களைக்கொல்லியும் டைமெத்தோயேட், ஃபென்தியான் ஆகியவையும், பட்டியலில் முதல் வகுப்பில் இல்லாதபோதும், விலக்கப்பட்டன. எலி சொன்னதோடு நில்லாமல், தன் மருத்துவமனைக் கட்டில்கள் சொன்னதையும் ஓர் அரசு கேட்டது. 1995-ஐ ஒட்டி இலட்சம் பேருக்கு 47 என்ற அளவில் இருந்த தற்கொலை விகிதம், 2005-க்குள் ஏறத்தாழப் பாதியாயிற்று. அதன் பின்னரும் குறைந்தது. இத்தடைகளால் நெல் விளைச்சல் வீழ்ந்துவிடவில்லை என்பதையும் ஆய்வுகள் குறித்துள்ளன.

இரு நாடுகளும் ஏறத்தாழ ஒரே எண்களைத்தான் வாசித்தன. வேறுபாடு யாரை நோக்கி வாசித்தன என்பதில் இருக்கிறது. இந்திய விதிகள் அந்த எண்ணை உழவரை நோக்கித் திருப்பின: 'இது விஷம், கவனமாக இரு.' இலங்கை அதைத் தன்னை நோக்கித் திருப்பிக்கொண்டது: 'இது இவ்வளவு கொடிதென்றால் நாம் ஏன் இதை அனுமதிக்கிறோம்?' முதலாவது, பொறுப்பைச் சமூகத்தின் மிக எளியவர் தோளில் ஏற்றுகிறது; இரண்டாவது, அதிகாரம் உள்ள இடத்தில் வைக்கிறது.

இந்தியாவிலும் மாற்றம் மெல்ல வருகிறது. மெத்தில் பாரத்தியான் 2018-இல் தடைசெய்யப்பட்டது. கேரள நிகழ்வுக்குப் பின் சரியாக அறுபது ஆண்டுகள். மோனோகுரோட்டோபாஸ் 2005-இல் காய்கறிகளுக்கு மட்டும் விலக்கப்பட்டது. தடுப்பு காகிதத்தில் இருந்ததேயன்றி, ஒரே புட்டி பருத்திக்கும் கத்தரிக்கும் பயன்படுவதைத் தடுக்க வழியில்லை. 2023-இல் தமிழ்நாடு அரசு, தற்கொலைகளைக் குறைக்கும் நோக்கில், மோனோகுரோட்டோபாஸ் உள்ளிட்ட ஆறு பூச்சிக்கொல்லிகளை 60 நாட்களுக்குத் தடைசெய்தது. பயிர்க்காப்பின் மொழியில் மட்டுமே பேசப்பட்டுவந்த ஒரு பொருளை உயிர்க்காப்பின் மொழியில் ஓர் அரசாணை பேசியது என்ற வகையில் அது சிறிய நிகழ்வன்று.

வகைப்படுத்துவது அறிவியலின் வேலை. வகைப்படுத்தியபின் என்ன செய்வது என்பது அறத்தின் வேலை. சாய்சதுரத்தின் நிறத்தைத் தெளிவாக அச்சிட்டுவிட்டால் கடமை தீர்ந்தது என்று எண்ணும்வரை, நான்கு நிறங்களும் நஞ்சுக்கு அணிவித்த நான்கு ஆடைகளாகவே எஞ்சும்.