கண்மைக்கு வரி இல்லை, லிப்ஸ்டிக்குக்கு உண்டு

இந்த எபிசோடை ஒரு ஃபேன்சி ஸ்டோர்ல இருந்து ஆரம்பிக்கலாம். எங்க ஊர் பள்ளிபாளையம். காவிரிக்கு இந்தக் கரை நாங்க, பாலத்தைத் தாண்டினா ஈரோடு. விசைத்தறிச் சத்தம் கேட்காத தெரு இங்க குறைவு. வாரக்கூலி கைக்கு வந்ததும் தறிப்பட்டறையில வேலை பார்க்கிற பொண்ணுங்க வந்து நிக்கிற கடைகள்ல முக்கியமானது ஃபேன்சி ஸ்டோர்.

அங்க கண்ணாடிப் பெட்டிக்குள்ள மூணு பொருள் பக்கத்துல பக்கத்துல இருக்கும்: டப்பா மை, காஜல் பென்சில், லிப்ஸ்டிக். டப்பா மைக்கு ஜிஎஸ்டி பூஜ்யம். அதே மையைப் பென்சில் ஆக்கினா 18 சதவீதம். லிப்ஸ்டிக்குக்கும் இன்னிக்கு 18 சதவீதம்தான். ஆனா 2017 ஜூலை 1-ஆம் தேதி ஜிஎஸ்டி வந்தப்போ லிப்ஸ்டிக் இருந்தது 28 சதவீதத்துல. அந்த நவம்பர்ல 18-க்கு இறங்குச்சு. அதாவது 99 ரூபாய் லிப்ஸ்டிக்ல அப்போ ஏறக்குறைய 22 ரூபாய் வரி, இப்போ 15 ரூபாய்.

கண்ணுக்கு வைக்கிறது அவசியம், உதட்டுக்கு வைக்கிறது ஆடம்பரம்னு யார் முடிவு பண்ணாங்க? இந்தப் பிரிவினை ஜிஎஸ்டியை விட ரொம்பப் பழசு.

முதல்ல மை. கடையில வாங்குற பொருளா ஆகுறதுக்கு முன்னாடி அது அடுப்படிப் பொருள். எங்க அம்மாயி சொன்ன முறை இது: வெள்ளைத் துணியைக் கரிசலாங்கண்ணிச் சாறுல நனைச்சு நிழல்ல காய வைக்கணும். அதைத் திரியாத் திரிச்சு, விளக்கெண்ணெய் ஊத்தி ஏத்தணும். மேல ஒரு செம்புத் தட்டைக் கவிழ்த்து வெச்சா காலையில கரி படிஞ்சிருக்கும். அதைச் சுரண்டி இன்னும் ரெண்டு சொட்டு விளக்கெண்ணெய் விட்டுக் குழைச்சா மை. குழந்தைக்குக் கன்னத்துல பொட்டு, பெரியவங்களுக்குக் கண்ணு, கல்யாணப் பொண்ணுக்குப் புருவமும் சேர்த்து. செலவு கிட்டத்தட்ட ஒண்ணுமில்ல.

இந்த விளக்கெண்ணெயைக் கொஞ்சம் ஞாபகம் வெச்சுக்கங்க. அது ஆமணக்குல இருந்து வருது. சேலம், நாமக்கல் பக்கத்து மானாவாரிக் காடுகள்ல ஆமணக்கு ரொம்ப நாளா இருக்கிற பயிர். சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர்ல இருக்கிற வேளாண் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையத்தோட பேரே மரவள்ளி மற்றும் ஆமணக்கு ஆராய்ச்சி நிலையம். இப்போ உங்க கையில இருக்கிற லிப்ஸ்டிக்கைத் திருப்பி, பின்னாடி பொடி எழுத்துல இருக்கிற பட்டியலைப் படிங்க. பெரும்பாலானதுல விளக்கெண்ணெய் இருக்கும். சாயத்தைத் தாங்கிப் பிடிக்கவும், உதட்டுல பளபளப்பு நிக்கவும் அதைச் சேர்க்கிறாங்க. மீதி மெழுகு, நிறம், வாசனை. 'வெளிநாட்டுச் சாமான்'னு சொல்லப்பட்ட பொருளும் அம்மாயியோட மையும் ஒரே எண்ணெயில பிறந்த அக்கா தங்கச்சி.

வீட்டு மையை டப்பாவுல அடைச்சு வித்தவங்களும் நம்ம ஆளுங்கதான். சென்னை அரவிந்த் லேபரட்டரீஸ் 1938-ல ஆரம்பிச்ச ஐடெக்ஸ் மை தெரியாத தமிழ் வீடு அபூர்வம். பின்னாடி அதே கம்பெனி டேஸ்லர்ங்கிற பேர்ல லிப்ஸ்டிக், நெயில் பாலிஷ்னு குறைஞ்ச விலைக்குக் கொண்டுவந்தது. நம்ம பக்கத்து ஃபேன்சி ஸ்டோர்கள்ல பல பேருக்கு முதல் லிப்ஸ்டிக் அதுதான்.

சரி, உதட்டுக்கு வருவோம். உதட்டைச் சிவப்பாக்கறது தமிழ்நாட்டுக்குப் புதுசா? சங்கக் கவிஞர்கள் உதட்டுக்குப் பவளத்தையும் முருக்கம்பூவையும் தேடி ஓடினாங்க, புருவத்துக்கு வில்லைத் தேடினாங்க. அப்புறம் வெத்தலை. பரமத்தி வேலூர் கொடிக்கால் வெத்தலையும் பாக்கும் சுண்ணாம்பும் வாயில சேர்ந்தா தானா வர்ற சிவப்பு. நான் காலேஜ் சேர்ந்த புதுசுல உதட்டுச் சாயத்தோட வீட்டுக்குப் போனப்போ அம்மாயி கேட்டது இன்னும் ஞாபகம் இருக்கு: "ஏங் கண்ணு, வெத்தல போட்டா வராத செவப்பா இதுல வந்துரும்?" அவங்க கோபப்படல. காசைத்தான் கணக்குப் பண்ணாங்க.

கோபம் வேற பக்கம் இருந்து வந்தது. உதட்டுச் சாயம்னா மேடை, மேடைன்னா கூத்து. அரிதாரம்ங்கிற சொல்லையே பாருங்க. இன்னிக்கு அது நடிகர் போடுற ஒப்பனைக்குப் பொதுப்பேர். அசல்ல அது ஒரு மஞ்சள் கனிமம், ஆர்சனிக்கும் கந்தகமும் சேர்ந்தது. நம்ம பக்கத்துக் கூத்துக்காரங்க முகத்துல பூசிக்கிட்ட ஒப்பனையோட பேரே ஒரு விஷத்தோட பேர்.

மேடைக்கு அப்புறம் திரை. மௌனப் படக் காலத்து ஃபிலிமுக்குச் சிவப்பு நிறமே உறைக்காது. சிவப்பு உதடு கறுப்பாத்தான் பதியும். தமிழ் ரசிகருக்கு முழுநீளப் படத்துல உதட்டோட நிறம் நிறமாவே தெரிஞ்சது 1956-ல, 'அலிபாபாவும் 40 திருடர்களும்' கேவா கலர்ல வந்தப்போ. எடுத்தது சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ். அதோட முதலாளி டி.ஆர். சுந்தரம் நம்ம திருச்செங்கோட்டுக்காரர். அந்த நிறத்தை வாங்கித் தன் உதட்டுல போட்டுக்க எத்தனை பேருக்கு வசதி இருந்திருக்கும்கிறது வேற கதை.

ஏன்னா சாமான் விலை அப்படி. சுழற்றினா மேல வர்ற லிப்ஸ்டிக் குழல் அமெரிக்காவுல 1923-லேயே காப்புரிமை வாங்கிருச்சு. இங்க ரொம்ப நாள் அது இறக்குமதிப் பொருள்தான். விடுதலைக்கு அப்புறம் அந்நியச் செலாவணி அதுல போகுதேங்கிற கவலையில 1952-ல டாட்டா ஆயில் மில்ஸ் ஆரம்பிச்சது லாக்மே. அந்தப் பேர் ஒரு பிரெஞ்சு ஓபராவோட பேர். நம்ம லக்ஷ்மிதான் பாரிஸ் போயிட்டுத் திரும்பி வந்தாங்க. 1961-ல நிர்வாகக் குழுவுக்கு வந்த சிமோன் டாட்டா அதை நாடு முழுக்கத் தெரிஞ்ச பேரா ஆக்கினாங்க.

உள்நாட்டுலயே செஞ்சாலும் விலை இறங்கல. காரணம் கலால் வரி. 1990களோட தொடக்கம் வரைக்கும் அழகுசாதனத்துக்கான கலால் வரி 100 சதவீதத்தைத் தாண்டி இருந்தது. தொழிற்சாலையில 10 ரூபாய்னா, வாசலைத் தாண்டும்போதே 20-க்கு மேல. ஆடம்பரத்துக்கு அதிக வரிங்கிற கொள்கை தப்புன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா வசதியான வீட்டுப் பொண்ணு வரியோட சேர்த்தே வாங்கிடுவா. வேண்டாம்னு கையை மடக்கிக்கிட்டது கூலிக்குப் போற பொண்ணு. தாராளமயத்துக்கு அப்புறம் வந்த பட்ஜெட்டுகள்ல அந்த வரி படிப்படியா இறங்கினப்போதான், எல்லே 18 மாதிரி இளவயசுக்காரங்களுக்கான மலிவு பிராண்டுகள் சின்ன ஊர்களுக்கும் வந்தது.

ஷாம்பூ கதையோட இதை ஒப்பிட்டுப் பாருங்க. கடலூர் சின்னி கிருஷ்ணன் சாஷேயைப் பிடிச்சுக்கிட்டார். அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983-ல தனியாத் தொழில் ஆரம்பிச்சு சிக் ஷாம்பூவை ஊர் ஊரா கொண்டுபோனார். ஷாம்பூவைச் சொட்டுச் சொட்டாப் பிரிச்சு வித்துட்டாங்க. லிப்ஸ்டிக்கை அப்படிப் பிரிக்க முடியல. குழல், மூடி, அச்சு எல்லாத்துக்கும் காசு. அதனால விலையைக் குறைக்கணும்னா சிலர் கை வைக்கிற இடம் உள்ள இருக்கிற சரக்கு.

இங்கதான் எனக்குப் பயம். உதட்டுல போடுறது கொஞ்சம் கொஞ்சமா வயித்துக்குள்ள போகுது. 1940-ஆம் வருஷத்து மருந்துச் சட்டத்துக்குள்ள அழகுசாதனத்தைக் கொண்டுவந்தது 1962 திருத்தம். அந்த விதிகள்ல நிறத்துக்குச் சேர்க்கிற சாயத்துல ஈயம் பத்து லட்சத்துல 20 பங்கு, ஆர்சனிக் 2 பங்குக்கு மேல போகக்கூடாதுன்னு வரம்பு வந்தது. பெரிய பிராண்ட் பேரை அப்படியே காப்பியடிச்சு விக்கிற போலிக் குழல் எந்த வரம்பையும் பார்க்காது, வரியும் கட்டாது. நேர்மையா வரி கட்டுற மலிவு லிப்ஸ்டிக்குக்கும் போலிக்கும் நடுவுல இருக்கிற அந்த 15 ரூபாய் இடைவெளி, வாரக்கூலி எண்ணுறவங்களுக்குச் சின்னதில்ல. வாங்கும்போது தயாரிப்பாளர் பேர், முகவரி, பேட்ச் நம்பர், லைசென்ஸ் நம்பர், காலாவதித் தேதி இருக்கான்னு பாருங்க. இல்லைன்னா எவ்வளவு அழகான நிறமா இருந்தாலும் திருப்பிக் கொடுத்துடுங்க.

புருவம் மட்டும் இந்த வரிக் கணக்குல இருந்து கொஞ்சம் தப்பிச்சது. த்ரெட்டிங்குக்கு வேண்டியது ஒரு பருத்தி நூல்கண்டு, ஒரு நாற்காலி, பழகின கை. நூலோட ஒரு முனையைப் பல்லுல கடிச்சுக்கிட்டு முறுக்கி முறுக்கி முடி எடுக்கிற இந்த வித்தை ஈரான்லயும் பழசு. அங்க ஒரு காலத்துல புருவம் திருத்தியிருந்தா கல்யாணம் ஆனவங்கன்னு அர்த்தம். நம்ம ஊர்ல வீட்டு முன் அறையிலேயே பார்லர் நடத்துற அக்காங்க ஏராளம். வருஷத்துக்கு 20 லட்சம் ரூபாய்க்குக் கீழ வருமானம் உள்ள சேவைத் தொழிலுக்கு ஜிஎஸ்டி பதிவு வேண்டாம். தறி ஓடுற ஊர்ல நூலுக்கா பஞ்சம்?

2018 ஜூலைல சானிட்டரி நாப்கினுக்கு 12 சதவீத வரி பூஜ்யமாச்சு. அதுக்காகப் போராடினவங்க முன்வெச்ச வாதம் ஞாபகம் இருக்கும்: குங்குமத்துக்கும் பொட்டுக்கும் வரி இல்ல, நாப்கினுக்கு மட்டும் ஏன்? சுமங்கலிக்கான பொருள் வரியில்லாமப் போகும், பொண்ணு தனக்குன்னு வாங்குற பொருள் ஆடம்பரப் பட்டியல்ல உட்காரும். அந்தப் பட்டியலை எழுதினவங்க மனசுல எந்தப் பொண்ணு இருந்தாங்கன்னு புரிஞ்சுக்க இதுவே போதும்.

2025 செப்டம்பர் 22-ல ஜிஎஸ்டியைத் திரும்பவும் மாத்தினாங்க. முகப் பவுடர் 18-ல இருந்து 5-க்கு வந்தது. டால்கம் பவுடர், ஷாம்பூ, தலைக்கு எண்ணெய் எல்லாம் 5. ஆம்பளைங்க ஷேவிங் கிரீமும் 5. பதிவு பண்ணின பார்லர் சேவைக்கும் 5. டப்பா மை எப்பவும் போல பூஜ்யம்.

லிப்ஸ்டிக் 18-லேயே இருக்கு.