ஆன் மரேயின் ‘கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்’ (1980)

கனடாப் பாடகி ஆன் மரே 1970 முதல் 1980 வரை பாடிப் புகழ்பெற்ற பத்துப் பாடல்களின் தொகுப்பு இது. கேப்பிட்டல் நிறுவனம் 1980இல் வெளியிட்டது. ஒன்பது பாடல்கள் அதற்கு முன்பே வானொலி நேயர்களுக்கு மனப்பாடம். பத்தாவது மட்டும் புதிது. ‘அர்பன் கவ்பாய்’ திரைப்படத்துக்காக மரே பாடிய ‘குட் ஐ ஹேவ் திஸ் டான்ஸ்’ என்ற அந்தப் பாடல்தான் தொகுப்பின் கடைசியில் இடம்பெற்று, தட்டு விற்கவும் பெரிதும் துணைநின்றது. அமெரிக்காவில் மட்டும் நாற்பது லட்சம் படிகளுக்கான பிளாட்டினச் சான்றைத் தொகுப்பு பெற்றிருக்கிறது.

இந்தப் பத்தில் ஒன்றைக்கூட மரே எழுதவில்லை. அடுத்தவர் எழுதியவற்றுள் தன் குரலுக்கு எது பொருந்தும் என்று கண்டுகொள்வதும், கண்டதைக் கூடுதல் அலங்காரமின்றிப் பாடுவதுமே அவர் கலை. வெற்றிப் பாடல் தொகுப்புகளை விமரிசகர்கள் பொதுவாகப் பொருட்படுத்துவதில்லை. மரேயைப் பொறுத்தவரை அவருடைய தேர்வுத் திறனைக் காண இதைவிட நல்ல இடம் கிடையாது.

மரே 1945 ஜூன் 20 அன்று நோவா ஸ்கோஷியா மாகாணத்தின் ஸ்பிரிங்ஹில் ஊரில் பிறந்தார். அது நிலக்கரிச் சுரங்கத்தை நம்பி வாழ்ந்த சிற்றூர். 1956இல் நடந்த வெடிவிபத்தில் 39 பேரும், 1958இல் சுரங்கம் குலுங்கிச் சரிந்ததில் 75 பேரும் அங்கே மாண்டார்கள். மரேயின் தந்தை அவ்வூர் மருத்துவர், தாய் செவிலியர். ஐந்து சகோதரர்களுக்கு நடுவே ஒரே பெண். நியூ பிரன்சுவிக் பல்கலைக்கழகத்தில் உடற்கல்வி படித்து, பிரின்ஸ் எட்வர்ட் தீவிலுள்ள சம்மர்சைடு ஊரில் ஓராண்டு பள்ளி ஆசிரியையாக வேலை பார்த்தார்.

பாட்டு அவரைத் தேடி வந்தது என்றுதான் சொல்ல வேண்டும். மாணவியாக இருந்தபோது, ஹாலிஃபாக்சில் தயாரான ‘சிங்கலாங் ஜூபிலி’ என்னும் சிபிசி தொலைக்காட்சி நிகழ்ச்சிக்குக் குரல் தேர்வுக்குப் போனார். தாழ்ந்த பெண்குரல்கள் போதுமான அளவு இருக்கின்றன என்று திருப்பியனுப்பிவிட்டார்கள். ஈராண்டுகளுக்குப் பிறகு நிகழ்ச்சியை வழங்கிய பில் லாங்ஸ்ட்ராத் தாமே தொலைபேசியில் அழைத்து அவரைச் சேர்த்துக்கொண்டார். இசைப்பொறுப்பில் இருந்த பிரையன் அகெர்ன், தனித்தட்டு வெளியிடும்படி மரேயை வற்புறுத்தினார். 1968இல் முதல் ஆல்பம் வந்தது. அடுத்த ஆண்டே கேப்பிட்டல் நிறுவனத்துக்குப் பாடத் தொடங்கினார்.

தொகுப்பின் முதல் பாடலான ‘ஸ்னோபேர்ட்’ பிரின்ஸ் எட்வர்ட் தீவில் வாழ்ந்த ஜீன் மெக்லெல்லன் எழுதியது. அதை முதலில் ஒரு சிறுதட்டின் பின்பக்கத்தில்தான் போட்டார்கள். முன்பக்கப் பாடலை விட்டுவிட்டு, வானொலி அறிவிப்பாளர்கள் தட்டைத் திருப்பிப் போட்டு ஒலிபரப்பினார்கள். 1970இல் அமெரிக்க பில்போர்ட் பொதுப் பட்டியலில் அது எட்டாம் இடத்தையும் கன்ட்ரி பட்டியலில் பத்தாம் இடத்தையும் எட்டியது. தனிப் பாடகியாக அமெரிக்காவில் தங்கத்தட்டுப் பெற்ற முதல் கனடாப் பெண் மரேதான். வானொலிகள் ஒலிபரப்பும் இசையில் 30 விழுக்காடு உள்நாட்டினுடையதாக இருக்க வேண்டும் என்ற கனடா அரசின் விதி நடைமுறைக்கு வந்தது 1971 ஜனவரியில். சட்டத்தின் தயவில் வளர்ந்தவர் என்று மரேயைப் பேசுவோர் இந்த வரிசையைக் கவனிப்பதில்லை. எல்லை தாண்டிய வெற்றி முதலில் வந்தது, விதி பிறகுதான் வந்தது.

தொகுப்பில் பாடல்கள் வெளிவந்த கால வரிசையிலேயே அடுக்கப்பட்டிருக்கின்றன. ‘ஸ்னோபேர்ட்’டுக்கு அடுத்து, கென்னி லாகின்ஸ் தன் அண்ணன் தகப்பனானதையொட்டி எழுதிய ‘டேனீஸ் சாங்’. பிறகு ‘எ லவ் சாங்’. அதையடுத்து பீட்டில்ஸ் குழுவின் ‘யூ வோன்ட் சீ மீ’. இந்த நான்கும் அகெர்ன் தயாரித்தவை. 1974இல் வந்த நான்காவது பாட்டிலிருந்து, அடுத்து இருக்கும் ‘யூ நீடட் மீ’ பாட்டுக்கு நான்காண்டு இடைவெளி. அந்த இடைவெளியில்தான் மரே லாங்ஸ்ட்ராத்தை மணந்து முதல் பிள்ளையைப் பெற்றார், மேடைகளைக் குறைத்துக்கொண்டார். அகெர்ன் பாடகி எமிலூ ஹாரிசின் தட்டுகளைத் தயாரிக்கப் போய்விட்டார். ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்குமுன் வரும் சில நொடி மௌனத்துக்குள் ஒரு பெண்ணின் இத்தனை வாழ்க்கை அடங்கியிருக்கிறது.

ஐந்தாவது பாட்டு தொடங்கும்போது ஒலியே மாறிவிடுகிறது. கிடாரின் இடத்தைப் பியானோவும் வயலின் கூட்டமும் எடுத்துக்கொள்கின்றன. ஈகிள்ஸ் குழுவின் ஆல்பங்களுக்கு வயலின் பகுதிகளை எழுதிய ஜிம் எட் நார்மன்தான் இங்கிருந்து தயாரிப்பாளர். ராண்டி குட்ரம் எழுதிய ‘யூ நீடட் மீ’ 1978 நவம்பரில் பொதுப் பட்டியலின் முதலிடத்துக்குப் போனது. அடுத்த ஆண்டு வந்த மூன்று பாடல்களும் கன்ட்ரி பட்டியலில் வரிசையாக முதலிடம் பிடித்தன. அவையும் இந்தத் தொகுப்பில் உண்டு. அவற்றுக்குப் பின் ‘டேட்ரீம் பிலீவர்’. அதுவரைக்கும் ஒன்பது.

தொகுப்பில் இடம்பெறாத பாடல் ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். ‘யூ வோன்ட் சீ மீ’ தட்டின் மறுபக்கத்தில் ‘ஹீ திங்க்ஸ் ஐ ஸ்டில் கேர்’ என்ற பாட்டு இருந்தது. ஜார்ஜ் ஜோன்ஸ் 1962இல் பாடிப் பெயர்பெற்றதை மரே பெண்குரலுக்கு மாற்றிப் பாடினார். 1974இல் கன்ட்ரி பட்டியலில் அவருக்கு முதன்முதலாக முதலிடம் வாங்கித் தந்தது அதுதான். அதே ஆண்டில் ஆஸ்திரேலியாவில் வளர்ந்த ஒலிவியா நியூட்டன்-ஜானுக்குக் கன்ட்ரி இசைச் சங்கம் சிறந்த பாடகி விருதைக் கொடுத்தது. வெளியார் கைக்குக் கன்ட்ரி போகிறதே என்று கொதித்த பழைய பாடகர்கள் ஜோன்ஸ், டாமி வைனெட் தம்பதியின் வீட்டில் கூடித் தனிச் சங்கமே தொடங்கினார்கள். அந்த ஜோன்சின் பாட்டைக் கன்ட்ரி நேயர்களே ஒரு கனடாப் பெண்ணின் குரலில் விரும்பிக் கேட்டார்கள் என்பது அந்தச் சண்டைக்குப் போதுமான பதில். 1980இல் தொகுப்பை வெளியிட்ட கேப்பிட்டல் அதைச் சேர்க்காமல், தட்டின் பாப் பக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டது. இது பெரிய குறை. மரேயின் இசையில் கன்ட்ரிக்கு உள்ள பங்கைத் தொகுப்பு குறைத்துக் காட்டுகிறது.

அந்தக் குறையைக் கடைசிப் பாட்டு ஓரளவு ஈடுகட்டியது. ‘அர்பன் கவ்பாய்’ 1980 ஜூனில் வெளிவந்த படம். எஸ்கொயர் இதழில் ஆரன் லேத்தம் 1978இல் எழுதிய கட்டுரையிலிருந்து பிறந்தது. இயக்கியவர் ஜேம்ஸ் பிரிட்ஜஸ், நடித்தவர்கள் ஜான் டிரவோல்டாவும் டெப்ரா விங்கரும். டெக்சஸ் மாநிலம் பாசடீனாவில் பாடகர் மிக்கி கில்லியின் பெயரால் நடந்த கில்லீஸ் என்னும் பிரம்மாண்டமான மதுக்கூடம்தான் கதைக்களம். பகலில் எண்ணெய் ஆலையில் வேலை, இரவில் கவ்பாய் தொப்பியும் இயந்திரக் காளைச் சவாரியுமாக வாழும் இளைஞன் ஒருத்தியை அவசரமாகக் கல்யாணம் செய்துகொள்கிறான். பிறகு அடிதடி, பொறாமை, பிரிவு, மறுபடி சேர்தல். தயாரிப்பாளர்களில் ஒருவரான இர்விங் அசாஃப், ஈகிள்ஸ் குழுவின் மேலாளர். படத்தில் ஒலிக்கும் கில்லியின் ‘ஸ்டாண்ட் பை மீ’ பாட்டையும் தயாரித்தவர் நார்மன்.

‘குட் ஐ ஹேவ் திஸ் டான்ஸ்’ எழுதியவர்கள் வேலண்ட் ஹோலிஃபீல்டும் பாப் ஹவுசும். ஹோலிஃபீல்ட் ஆர்க்கன்சா மாநிலத்துக்காரர், டான் வில்லியம்சுக்காக ‘யூ ஆர் மை பெஸ்ட் ஃப்ரெண்ட்’ எழுதியவர். ஆரவாரமில்லாத இல்லறத்தைப் பாட்டாக்குவதில் தேர்ந்த கை. இந்தப் பாட்டிலும் கதை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. ஒருத்தி முதன்முதலாகச் சேர்ந்து ஆடிய ஆட்டத்தை நினைத்துக்கொள்கிறாள், ஆயுள் முழுதும் இதே துணையோடு ஆடக் கிடைக்குமா என்று கேட்கிறாள். அவ்வளவுதான்.

இதன் பலம் தாளத்தில் இருக்கிறது. பாட்டு வால்ட்ஸ் நடையில் செல்கிறது. அந்த நடைக்கு எண்ணிக்கை மூன்று, நம் செவிக்குத் திஸ்ரமாகக் கேட்கும். முதல் எண்ணில் பாஸ் கிடார் விழும், மற்ற இரண்டிலும் மற்ற வாத்தியங்கள் மெல்லத் தொடும். தளத்தில் ஜோடிகள் கைகோத்து, கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் வட்டமாக நகர்வார்கள். ஆடத் தெரியாதவரும் ஒரு சுற்றுக்குள் கால் பழகிவிடலாம். மரேயின் குரலோ கான்ட்ரால்டோ, பெண்குரலில் மிகத் தாழ்ந்த வகை. முதல் அடியை அவர் கிட்டத்தட்டப் பேச்சின் சுருதியிலேயே தொடங்குகிறார். பல்லவிக்கு வந்ததும் குரல் மேலே போகிறது, ஆனாலும் அழுத்தவோ நடுக்கவோ இல்லை. கேள்வியாக எழுதிய வரிகளைக் கேள்வியாகவே பாடிவிட்டுப் பதிலைக் கேட்பவருக்கு விட்டுவிடுகிறார். கண்ணீரை வரவழைக்க வேண்டும் என்று பாடகி முனைந்திருந்தால் இந்தப் பாட்டு கெட்டுப்போயிருக்கும். மரே முனையவில்லை, அதனால்தான் வருகிறது.

1980இன் பிற்பகுதியில் பாட்டு கன்ட்ரி பட்டியலின் முதலிடத்தைப் பிடித்தது. பொதுப் பட்டியலில் 33ஆம் இடத்தோடு நின்றது. கன்ட்ரி நேயரும் பாப் நேயரும் அப்போது மரேயை எப்படிப் பார்த்தார்கள் என்பதை இந்த இரண்டு எண்களும் காட்டுகின்றன. 1981இல் சிறந்த கன்ட்ரிப் பாடகிக்கான கிராமி விருது இதற்குக் கிடைத்தது, மரேயின் நான்கு கிராமிகளில் இது மூன்றாவது. அதே ஆண்டு கனடாவின் ஜூனோ விருதுகளில் தொகுப்பு ஆண்டின் சிறந்த ஆல்பமாகத் தேர்வானது. பழைய பாடல்களின் திரட்டு ஒன்றுக்கு அந்த விருது போனது அரிது.

படம் கிளப்பிய கவ்பாய் மோகம் நெடுநாள் நீடிக்கவில்லை. நியூயார்க் மதுக்கூடங்களுக்குக்கூடப் போன இயந்திரக் காளைகள் மறைந்தன. ஜார்ஜ் ஸ்ட்ரெய்ட், ரிக்கி ஸ்காக்ஸ், ராண்டி டிராவிஸ் போன்றோர் பிடிலும் ஸ்டீல் கிடாருமான பழைய ஒலியைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். கில்லீஸ் 1989இல் மூடப்பட்டு மறு ஆண்டு தீக்கிரையானது. மரேயின் கடைசிக் கன்ட்ரி முதலிடம் 1986இல். பாட்டு மட்டும் படத்திலிருந்து பிரிந்து கல்யாண மண்டபங்களுக்குப் போய்ச் சேர்ந்தது. புதுமணத் தம்பதியர் ஆடும் முதல் நடனத்துக்கும், பொன்விழா காணும் தம்பதியரின் நடனத்துக்கும் வட அமெரிக்காவில் அதை இன்றும் கேட்டு வாங்குகிறார்கள். படத்துத் தம்பதியரின் சண்டை சச்சரவு எதுவும் பாட்டில் ஒட்டவில்லை என்பதே அதற்குக் காரணம்.

2007இல் வெளியான ‘டூயட்ஸ்’ ஆல்பத்தில் மரே இதே பாட்டை ஏமி கிராண்டோடு சேர்ந்து மறுபடி பாடினார். ‘ஸ்னோபேர்ட்’டைச் சாரா பிரைட்மனோடும், ‘யூ நீடட் மீ’ பாட்டை ஷனாயா ட்வெயினோடும் பாடியிருக்கிறார். மறு ஆண்டு மே மாதம் டொரன்டோவில் கடைசிக் கச்சேரி செய்துவிட்டு மேடையை விட்டு விலகினார்.