பூட்டிய கொட்டகையும் செவ்வாய்க்கிழமைக் கூட்டமும்: சேவைக் கழகங்களிடம் எப்படிக் கேட்பது?

முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒரு மீள்குடியேற்றக் கிராமம். பொதுநோக்கு மண்டபத்துக்குப் பக்கத்தில் தகரம் போட்ட சின்னக் கொட்டகை ஒன்று நிற்கிறது. உள்ளே குடிநீர் சுத்திகரிப்பு இயந்திரம். வெளிச்சுவரில் கறுப்புக் கல்லில் பொறித்த பெயர்ப்பலகை. ஒரு சேவைக் கழகத்தின் சின்னம், அந்த வருடத் தலைவரின் பெயர், பணம் தந்த வெளிநாட்டுக் கழகத்தின் பெயர், திறந்து வைத்த திகதி எல்லாம் அதில் இருக்கின்றன. பலகை பளபளப்பாகத்தான் இருக்கிறது. கதவில் பூட்டுத் தொங்குகிறது.

“பில்ரர் மாத்த வேணுமாம் பிள்ளை. ஒரு வருசமாப் பூட்டித்தான் கிடக்கு. ஆரிட்டைக் கேக்கிறதெண்டு தெரியேல்லை” என்றார் அங்கு நின்ற அம்மா ஒருவர்.

அந்தப் பலகையில் அத்தனை பெயர்கள் இருந்தும் ஒரு தொலைபேசி இலக்கம் இல்லை.

இந்தக் கேள்வி எனக்கும் குத்தியது. சுதந்திர ஊடகவியலாளராக வேலை செய்யத் தொடங்கிய காலத்தில் இப்படியான கையளிப்பு நிகழ்வுகள் பற்றி எத்தனையோ செய்திகள் எழுதிக் கொடுத்திருக்கிறேன். “கழகத்தின் அனுசரணையில் பயனாளிகளுக்கு வழங்கி வைக்கப்பட்டன” என்று முடியும் செய்திகள். கொடுத்தவர்களுக்குப் பெயரும் பதவியும் இருக்கும், வாங்கியவர்கள் எல்லாரும் “பயனாளிகள்”. ஆறு மாதம் கழித்துப் போய்ப் பார்த்து எழுதியது மிகக் குறைவு. ஆகவே இந்தக் கழகங்கள் உண்மையில் எப்படி இயங்குகின்றன, முடிவை யார் எடுக்கிறார்கள், ஒரு கிராமம் அவர்களிடம் எந்த வழியால் போகலாம் என்று தேடிப் பார்த்தேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். எங்கள் ஆட்கள் சேவைக் கழகத்தையும் அரசசார்பற்ற நிறுவனத்தையும் ஒன்றாகத்தான் பார்க்கிறார்கள். போருக்குப் பிறகு ஜீப்பில் வந்து இறங்கிய எல்லாரும் எங்களுக்கு “என்ஜிஓ” தான். ஆனால் றோட்டரிக் கழகமோ லயன்ஸ் கழகமோ சம்பளத்துக்கு ஆள் வைத்து நடத்தும் நிறுவனம் அல்ல. வைத்தியர், வங்கி முகாமையாளர், கடை முதலாளி, பொறியியலாளர், சட்டத்தரணி என்று ஒரு ஊரில் தொழில் செய்பவர்கள் சந்தாக் கட்டி உறுப்பினராகச் சேர்ந்து, வேலை முடிந்த நேரத்தில் நடத்துவது. களத்துக்கென்று உத்தியோகத்தர் இல்லை. பெரும்பாலான கழகங்களுக்குச் சொந்த அலுவலகமும் இல்லை. அந்தக் கழகத்துக்கு நிரந்தர முகவரி என்று ஒன்று இருந்தால் அது அவர்களுடைய கூட்டம்தான்.

றோட்டரி தொடங்கியதே கூட்டமாகத்தான். 1905 பெப்ரவரி 23ஆம் திகதி அமெரிக்காவின் சிக்காகோ நகரில் போல் ஹரிஸ் என்ற சட்டத்தரணி வேறு மூன்று பேருடன் ஒரு அலுவலக அறையில் சந்தித்தார். ஒவ்வொரு முறையும் ஒவ்வொருவருடைய அலுவலகத்தில் சுழற்சியாகச் சந்தித்ததால் அந்தப் பெயர் வந்தது. முதலில் அது தொழில் செய்பவர்களின் நட்பு வட்டம் மட்டும்தான், சேவை பிறகு வந்தது. அவர்களுடைய முதல் பொதுப்பணி என்ன தெரியுமா? 1907இல் சிக்காகோ நகரத்தில் பொது மலசலகூடம் அமைக்க எடுத்த முயற்சி. இன்றைக்கு வன்னியில் மலசலகூடம் கட்டிக் கொடுக்கும்போது தங்கள் சொந்த வரலாற்றின் முதல் பக்கத்தைத்தான் திருப்பிச் செய்கிறோம் என்று எத்தனை உறுப்பினர்களுக்குத் தெரியுமோ! இலங்கையின் முதல் றோட்டரிக் கழகம் 1929இல் கொழும்பில் உருவானது.

லயன்ஸ் 1917இல், அதே சிக்காகோவில், மெல்வின் ஜோன்ஸ் என்ற காப்புறுதி முகவரின் முயற்சியால் உருவானது. பார்வையும் செவிப்புலனும் இழந்த ஹெலன் கெல்லர் 1925இல் அவர்களுடைய மாநாட்டுக்குப் போய், பார்வையற்றோருக்காக உழைக்கும்படி கேட்டுக்கொண்டார். கண் பரிசோதனை, மூக்குக்கண்ணாடி, வெண்புரை சத்திரசிகிச்சை என்று லயன்ஸ் கழகங்கள் இன்றும் கண்ணையே சுற்றி வருவதற்குக் காரணம் அதுதான். ஒருவர் நேரில் போய்க் கேட்டதால் ஒரு அமைப்பின் நூறு வருடப் பாதை அமைந்தது என்பதை இங்கே குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

யாழ்ப்பாணத்தில் ஒரு கழகத்தின் வாராந்தக் கூட்டத்துக்கு விருந்தினர் பேச்சாளராக என்னை ஒருமுறை கூப்பிட்டிருந்தார்கள். செவ்வாய்க்கிழமை மாலை, ஒரு விடுதியின் மேல்மாடி மண்டபம். தலைவர் மேசையில் இருந்த வெண்கல மணியை அடித்ததும் கூட்டம் தொடங்கியது. உறுப்பினர்கள் எழுந்து நின்று நான்கு கேள்விகளைச் சொன்னார்கள். நினைப்பதும் சொல்வதும் செய்வதும் உண்மையா, எல்லாருக்கும் நியாயமா, நட்பை வளர்க்குமா, எல்லாருக்கும் நன்மையா என்பவை அவை. ஹேர்பட் டெய்லர் என்ற அமெரிக்க வர்த்தகர் 1932இல் நொடிந்துபோன தன் நிறுவனத்தைத் தூக்கி நிறுத்த எழுதிய கேள்விகள், 1943இல் றோட்டரி ஏற்றுக்கொண்டது. பிறகு சார்ஜன்ட் என்று அழைக்கப்படும் ஒழுங்கு பார்ப்பவர் எழும்பி, பிந்தி வந்தவருக்கு, பிறந்தநாளைச் சொல்லாமல் மறைத்தவருக்கு, பத்திரிகையில் படம் வந்தவருக்கு என்று பகிடியாக அபராதம் அறவிட்டார். வடையும் பால்தேத்தண்ணியும் வந்தன. என் பேச்சுக்கு இருபது நிமிடம். கேள்விகள், அறிவித்தல்கள், மீண்டும் மணி. சரியாக ஒரு மணித்தியாலம். மண்டபத்தில் இருந்த அத்தனை பேரும் தமிழர்கள். ஆனால் நடவடிக்கை முக்கால்வாசி ஆங்கிலத்தில் நடந்தது. முல்லைத்தீவு அம்மா அந்த மண்டபத்துக்குள் வந்திருந்தால் தன் ஊரைப் பற்றிய அறிவித்தல்கூட அவருக்கு விளங்கியிருக்காது.

வாராந்தக் கூட்டத்துக்கு வராதவர் இன்னொரு ஊர்க் கழகத்தின் கூட்டத்துக்குப் போய் வரவை ஈடுசெய்யலாம் என்ற வழக்கம் றோட்டரியில் நெடுங்காலமாக இருக்கிறது. 2016இலிருந்து மாதம் இரண்டு தடவை கூடினாலும் போதும் என்று விதி தளர்த்தப்பட்டது. லயன்ஸ் கழகங்கள் பொதுவாக மாதம் இரு தடவை கூடும். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எந்தக் கிராமத்துக்கு என்ன செய்வது என்ற முடிவு இந்தக் கூட்டத்தில் எடுக்கப்படுவதில்லை. அது தலைவர், செயலாளர், பொருளாளர், செயற்திட்டப் பொறுப்பாளர் முதலானோர் இருக்கும் நிர்வாக சபையில் நடக்கும். ஒரு கோரிக்கை அந்த மேசைக்குப் போக வேண்டுமென்றால் யாரோ ஒரு உறுப்பினர் அதைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும்.

பூட்டிய கொட்டகைக்கான விடை எனக்குக் கிடைத்தது நாட்காட்டியில். இரண்டு அமைப்புகளுக்கும் வருடம் ஜூலை 1இல் தொடங்கி ஜூன் 30இல் முடிகிறது. அதோடு தலைவரும் மாறுகிறார். ஒரு தலைவர் பதவியேற்று, திட்டம் தெரிவு செய்து, காசு சேர்த்து, கட்டி, திறந்து வைக்கப் பன்னிரண்டு மாதம்தான். அதனால்தான் மே, ஜூன் மாதங்களில் கையளிப்பு நிகழ்வுகள் குவிகின்றன. ஜூலையில் புதிய தலைவர் புதிய திட்டத்தோடு வருகிறார். பழைய தலைவரின் தண்ணீர் இயந்திரம் யாருடைய பொறுப்பு என்பது எங்கும் எழுதப்பட்டிருக்காது. கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, ஆனால் பூட்டு விழுந்துவிடுகிறது. பாடசாலைக்கு வகுப்பறை கட்டினால் பின்னால் கல்வித் திணைக்களம் என்று ஒன்று இருக்கிறது. கிராமத்து நீர் இயந்திரத்துக்குப் பின்னால் ஒருவரும் இல்லை.

காசு விடயத்தில் கிராமச் சங்கங்கள் அறிந்திருக்க வேண்டிய இரண்டு சங்கதிகள் உண்டு. லயன்ஸ் கழகங்கள் இரண்டு கணக்குகள் வைத்திருக்க வேண்டும். சந்தாப் பணம் நிர்வாகக் கணக்குக்கு, பொதுமக்களிடம் சேர்த்த பணம் சேவைக் கணக்குக்கு. பொதுமக்கள் தந்தது பொதுமக்களுக்கே போக வேண்டும். வடையும் தேத்தண்ணியும் அதில் வரக்கூடாது. மற்றது றோட்டரி அறக்கட்டளையின் உலகளாவிய மானியம். இதற்குத் திட்டச் செலவு குறைந்தது 30,000 அமெரிக்க டொலராக இருக்க வேண்டும். திட்டம் நடக்கும் நாட்டுக் கழகம் ஒன்றும் வேறு நாட்டுக் கழகம் ஒன்றும் சேர்ந்துதான் விண்ணப்பிக்கலாம். கிராமத்தின் தேவையை மக்களிடம் கேட்டு மதிப்பீடு செய்திருக்க வேண்டும். பணம் முடிந்த பிறகு யார் பராமரிப்பது என்பதற்கும் விண்ணப்பத்தில் பதில் இருக்க வேண்டும். அப்படிப் பணம் வந்த திட்டமென்றால் அந்தப் பதிலைக் காட்டும்படி கிராமம் கேட்கலாம். கனடாவிலும் பிரித்தானியாவிலும் இத்தகைய கழகங்களில் இருக்கும் எங்கள் உறவுகளுக்கும் இது பொருந்தும். காசோடு சேர்த்து இந்தக் கேள்வியையும் அனுப்புங்கள்.

குறை மட்டும் சொல்லிவிட்டுப் போவது நியாயமில்லை. 1990களின் நடுப்பகுதியில், நாங்கள் இடம்பெயர்ந்து ஒரு பாடசாலையில் இருந்தபோது, என் தம்பியைத் தூக்கிக்கொண்டு அம்மா போலியோ சொட்டு மருந்து வரிசையில் நின்றது எனக்கு ஞாபகம் இருக்கிறது. அன்றைக்குச் செல் சத்தம் இல்லை. அது ஏன் என்று பல வருடங்களுக்குப் பிறகுதான் அறிந்தேன். சொட்டு மருந்து கொடுக்கும் நாட்களுக்காக யுனிசெப் ஊடாகப் பேசி அரசாங்கமும் விடுதலைப் புலிகளும் சண்டையை நிறுத்த இணங்கியிருந்தார்கள். அரசாங்கம், யுனிசெப், றோட்டரி ஆகியவற்றைச் சேர்ந்தவர்கள் இருந்த செயலணிக்கு, றோட்டரியின் இலங்கைப் போலியோ ஒழிப்புத் திட்டத்துக்குப் பொறுப்பாக இருந்த கே. ஆர். ரவீந்திரன் தலைமை தாங்கினார். 2015-16இல் உலக றோட்டரியின் தலைவரானவர் அவர், அந்தப் பதவிக்கு வந்த முதல் இலங்கையர். இலங்கையில் கடைசிப் போலியோ நோயாளி பதிவானது 1993இல். 2014 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனம் தென்கிழக்காசியப் பிராந்தியத்தைப் போலியோ அற்றதாக அறிவித்தது. அந்த வேலைக்குப் பெயர்ப்பலகை எதுவும் எங்கள் பாடசாலைச் சுவரில் இல்லை. ஒரு தலைவரின் ஒரு வருடத்தோடு முடியாமல், 1985இலிருந்து உலகம் முழுவதும் விடாமல் தொடர்ந்தபடியால்தான் அது நடந்தது.

இன்னொரு இடைவெளியையும் சொல்லாமல் விட முடியாது. வடக்கு கிழக்கில் உதவி வாங்கும் வரிசையில் நிற்பவர்கள் பெரும்பாலும் பெண்கள், பெண் தலைமைத்துவக் குடும்பங்கள். நான் போன கூட்டத்தில் முப்பது பேரில் நான்கு பேர்தான் பெண்கள். கலிபோர்னியாவின் டுவார்ட்டே நகர றோட்டரிக் கழகம் பெண்களைச் சேர்த்ததால் வெளியேற்றப்பட்டு, வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய், 1987இல்தான் அதற்குத் தீர்வு வந்தது. லயன்ஸ் அதே வருடம் பெண்களுக்குக் கதவு திறந்தது, றோட்டரி 1989இல் உலகம் முழுவதற்கும் விதியை மாற்றியது. விதி மாறியிருந்தாலும் எங்கள் ஊர் மண்டபங்களில் நாற்காலிகள் இன்னும் மாறவில்லை. தையல் இயந்திரம் வேண்டுமா, கோழிக்கூடு வேண்டுமா, கடன் அடைக்கக் கைமாற்று வேண்டுமா என்று தீர்மானிக்கும் மேசையில் அந்தப் பெண்களில் ஒருவர்கூட இல்லை.

உறுப்பினராகாமலே போக ஒரு வழி இருக்கிறது. றோட்டரி சமூகக் குழு என்ற அமைப்பு 1980களிலிருந்து நடைமுறையில் உள்ளது. றோட்டரி உறுப்பினர் அல்லாத ஊர் மக்களே ஒரு குழுவாகச் சேர்ந்து, அருகிலுள்ள கழகத்தின் அனுசரணையோடு தங்கள் ஊர்த் திட்டத்தைத் தாங்களே நடத்தலாம். எங்கள் மாதர் சங்கங்களுக்கும் கிராம அபிவிருத்திச் சங்கங்களுக்கும் அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி இருக்கிறது.

சாதாரணமாகக் கேட்பதென்றாலும் வெறுங்கையோடு போகாதீர்கள். சங்கத்தின் தீர்மானம், கிராம அலுவலரின் உறுதிப்படுத்தல், இரண்டு கடைகளின் விலைமனு ஆகியவற்றை இணைத்து, தலைவருக்கும் செயலாளருக்கும் சேர்த்துத் தமிழில் ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். ஜூலை, ஓகஸ்டில் கொடுத்தால் அந்த வருடத் திட்டத்துக்குள் வர வாய்ப்பு அதிகம். மே மாதத்தில் கொடுத்தால் அவசரமாக எதையாவது தந்துவிட்டுப் போவார்கள். பராமரிப்புக்கு யார், எத்தனை வருடம் என்பதைக் கையளிப்புக்கு முன்னரே எழுதி வாங்குங்கள். படம் எடுப்பதைப் பற்றியும் பேசிவிடுங்கள். பிள்ளையின் முகத்தைப் போட வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது. அதைச் சொன்னதற்காகப் பொருளைத் திருப்பிக்கொண்டு போனால், அது யாருக்காகக் கொண்டுவரப்பட்டது என்று விளங்கும்.

முல்லைத்தீவுக் கொட்டகைக்கு வருகிறேன். பலகையில் இருந்த பெயரைப் பிடித்து, அந்தக் கழகம் கூடும் இடத்தைக் கண்டுபிடித்து, கிராம அபிவிருத்திச் சங்கச் செயலாளரான அக்காவும் நானும் போனோம். இப்போதைய தலைவருக்கு அப்படியொரு திட்டம் இருப்பதே தெரியவில்லை. முன்னைய தலைவர் பின்வரிசையில் இருந்தார். அவர் எழும்பி, “அது என்ரை வருசம்” என்றார். அக்கா தமிழிலேயே பேசினார், எட்டு நிமிடம். பில்ரர் விலை, மின்கட்டணம், குடும்பங்களின் எண்ணிக்கை எல்லாவற்றையும் கொப்பியைப் பார்த்து வாசித்தார். அடுத்த நிர்வாக சபையில் எடுப்பதாகச் சொன்னார்கள். மூன்று கிழமைக்குப் பிறகு பில்ரருக்கான காசைக் கழகம் தந்தது. இனி மாற்றுவதற்கான செலவைக் கிராமம் போத்தலுக்குச் சிறு தொகை வாங்கிச் சேமிப்பதென்று உடன்பாடு. பலகைக்குக் கீழே அக்கா பெயின்ரால் இரண்டு தொலைபேசி இலக்கங்கள் எழுதியிருக்கிறார். ஒன்று கழகச் செயலாளருடையது, மற்றது தன்னுடையது. ஜூலையில் முதலாவதை அழித்து எழுத வேண்டும் என்று அவருக்குத் தெரியும்.