விருந்தினராக வரும் வரலாறு

பிப்ரவரி மாதம் பிறந்தால் அமெரிக்கக் கல்லூரிகள் பலவற்றில் சிறப்புச் சொற்பொழிவு ஒன்று நிகழும். கறுப்பின வரலாறு குறித்துப் பேச அறிஞர் ஒருவர் வெளியிலிருந்து அழைக்கப்படுவார். கைதட்டல் எழும், நன்றியுரையுடன் அவை கலையும். மார்ச் மாதத்தில் பாடத்திட்டம் பழையபடியே தொடரும். இந்த வழக்கத்துக்கு வித்திட்ட கார்ட்டர் ஜி. வுட்சன் விரும்பியது இதைத்தானா என்று நாம் கேட்டாக வேண்டும்.

வுட்சன் 1875-இல் வர்ஜீனியாவில் பிறந்தார். பெற்றோர் அடிமைகளாக இருந்து விடுதலை பெற்றவர்கள். நிலக்கரிச் சுரங்கத்தில் உழைத்து, இருபதாவது வயதில்தான் அவர் உயர்நிலைப் பள்ளிக்குள் நுழைந்தார். 1903-இல் அவர் பட்டம் பெற்ற கென்டக்கியின் பெரியா கல்லூரியில் வெள்ளையரும் கறுப்பரும் சேர்ந்து படித்தனர். மறு ஆண்டே மாநிலச் சட்டம் ஒன்று அதைத் தடைசெய்தது. 1912-இல் ஹார்வர்டில் முனைவரானார். டு பாய்ஸுக்குப் பின் அங்கு அப்பட்டம் பெற்ற இரண்டாவது கறுப்பினத்தவர் அவரே.

1926 பிப்ரவரியில் அவர் 'நீக்ரோ வரலாற்று வார'த்தைத் தொடங்கினார். லிங்கனின் பிறந்தநாள் 12. அடிமையாகப் பிறந்ததால் தம் பிறந்தநாளை அறியாத ஃபிரெடெரிக் டக்ளஸ், தாமே வரித்துக்கொண்ட நாள் 14. அவ்விரு நாட்களையும் தழுவிய வாரம் அது. ஆண்டு முழுவதும் கற்றதை அரங்கேற்றும் வாரமாகவே வுட்சன் அதைக் கருதினார். அதனால்தான் அவருடைய சங்கம் ஆசிரியர்களுக்கான பாடக்குறிப்புகளையும் படங்களையும் அனுப்பியது. 1937-இல் அவர்களுக்கெனத் தனி இதழும் கண்டது. கற்றவரைத் தம் மக்களிடமிருந்தே பிரித்துவிடும் கல்வியை, 1933-இல் வெளிவந்த தம் நூலில் அவர் கடுமையாகச் சாடியிருந்தார். 1976-இல் வாரம் மாதமாக விரிந்தது. பாடத்திட்டம் அதே அளவுக்கு விரிந்ததா என்பது வேறு கேள்வி.

அக்கேள்வியை மாணவர்கள் அதற்கு முன்பே எழுப்பிவிட்டனர். 1968 நவம்பரில் சான் ஃபிரான்சிஸ்கோ மாநிலக் கல்லூரியில் தொடங்கிய வேலைநிறுத்தம் நான்கு மாதங்களுக்கு மேல் நீடித்தது. அவர்கள் கேட்டது சொற்பொழிவன்று. ஆசிரியரை நியமிக்கவும் பாடத்தை வகுக்கவும் அதிகாரம் கொண்ட துறை. தற்காலிகத் தலைவராயிருந்த ஹயகாவா சொற்பொருளியல் அறிஞர். அவரே மாணவர்களின் ஒலிபெருக்கிக் கம்பிகளைப் பிடுங்கி எறிந்தார். ஆயினும் 1969-இல் அங்கு இனவியல் கல்விக்கான தனிப் புலம் அமைந்தது.

அதே ஆண்டு வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த ஜேம்ஸ் பேங்க்ஸ், பன்முகப் பண்பாட்டுக் கல்விக்குக் கோட்பாட்டு வடிவம் அளித்தார். நாயகர்களையும் விழாக்களையும் நினைவுகூர்வதை அவர் முதற்படியாகவே வைத்தார். பாடத்தின் பார்வைக்கோணமே மாறுவதை அதற்கு மேற்பட்ட படியாகக் கொண்டார். ஓர் உதாரணம் கூறலாம். விடுதலைப் பிரகடனத்தை எழுதிய ஜெஃபர்சன் தம் வாழ்நாளில் 600-க்கும் மேற்பட்ட அடிமைகளை உடைமையாகக் கொண்டிருந்தார். இதைப் பாடநூலின் ஓரத்தில் பெட்டிச் செய்தியாக அச்சிடுவது எளிது. 'சமத்துவம்' என்ற சொல்லுக்கு அன்று யார் என்ன பொருள் கொண்டனர் என்று அதைக்கொண்டு பிரகடனத்தையே மறுபடி வாசிப்பது கடினம்.

சொற்பொழிவு வீண் என்பதல்ல நம் கருத்து. ஒரு மாணவன் தன் முன்னோரைப் பற்றி மதிப்புடன் கேட்கும் முதற்சொல் அதுவாக இருக்கக்கூடும். ஆனால் 2023-இல் புளோரிடா மாநிலம் மறுத்தது, பள்ளி மாணவர் கல்லூரித் தரத்தில் ஓராண்டு பயில வகுக்கப்பட்ட ஆப்பிரிக்க அமெரிக்க ஆய்வுப் பாடத்தை என்பதைக் கவனிக்க வேண்டும். உண்மையான அச்சம் பாடத்திட்டத்தின் மீதே இருக்கிறது. கறுப்பின வரலாற்று மாதத்தின் உந்துதலில் 2015-இல் பிறந்த தலித் வரலாற்று மாதத்தை ஏப்ரல்தோறும் காணும் நமக்கும் இவ்விவாதம் அயலானதன்று.

விருந்து என்ற சொல்லுக்குப் பழந்தமிழில் புதுமை என்று பொருள். நூறாண்டுகளாக அந்நாட்டு வகுப்பறைகளின் வாசலில் நிற்கும் வரலாற்றை இன்னும் புதிதாக வந்தவர்போல வரவேற்று வழியனுப்புவது உபசாரமாகலாம்; அந்த வீட்டைக் கட்டியவர்களில் அதற்குரியவர்களும் உண்டு என்பதைப் பாடமாக்குவதே கல்வி.